ஐம்பத்தேழாம் அட்டை

14

மூன்று வாரமாக அந்த வீட்டில் 'அக்கா' என்ற சொல் கேட்கவில்லை.

வீடு ஆரியசாலையில், ஒரு மொத்த மளிகைக் கடையின் மாடியில். இரண்டு அறை, ஒரு சமையலறை. நாலு பேர் ஒருவரையொருவர் இடிக்காமல் நடக்க முடியாது. அதற்குள் பிரஜின் தன் அக்கா ஷிஜாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் இருபத்தொரு நாளைக் கடத்திவிட்டான். உப்பு வேண்டுமென்றாலும் சுவரைப் பார்த்துத்தான் கேட்டான்.

பிரஜின் தனியார் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். ஒரு மாலை அவன் ஏற்றி வந்த பெண் மருத்துவமனை வாசலில் செத்துப்போனாள். 5.31க்கு வந்து சேர்ந்ததாக அவன் எழுதிக் கொடுத்தான். அன்று அந்த வாசலில் நின்று வண்டிகள் வரும் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தவள் ஷிஜா. அவளுடைய பயிற்சி மையத்துக்கு அந்தக் கணக்கு தேவைப்பட்டது. அவள் தாளில் 5.52. விசாரணையில் கேட்டார்கள். தாளைக் கொடுத்தாள். அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

"தம்பின்னு பாத்திருக்கலாம்," என்று அம்மா கோமதியம்மாள் ஒருமுறை சொன்னாள்.

"பாத்தேன். அதனாலதான் கடிகாரத்த ரெண்டு தடவ பாத்தேன்," என்றாள் ஷிஜா. அதற்குப் பிறகு அம்மாவும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சனிக்கிழமை. காலை ஏழரை.

ஷிஜா ஐந்து மணிக்கே மையத்துக்குப் போயிருந்தாள். அப்பா பகவதிப்பெருமாள் வயிற்றில் இன்சுலின் ஊசியைக் குத்தி எடுத்துவிட்டுச் சட்டைப் பொத்தானை மாட்டினார். அறுபத்து மூன்று வயது. முப்பது வருடம் மலைச்சரக்கு மண்டியில் தராசடியில் நின்றவர். 'சாலை' என்ற பெரிய கடைத்தெருவில் மூட்டை தூக்கும் ஆட்கள் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

"இட்லி எறக்க அஞ்சு நிமிஷம்," என்றாள் கோமதியம்மாள்.

"பஸ் நிக்காது. அறுபது ஆளுகள ஏத்தணும். பிள்ள கேட்டிருக்கா."

"ஊசி போட்டாச்சுல்லா? வெறும் வயித்தோட எங்க போறிய?"

"ஒம்பது மணிக்குத் தொடங்கிருவா. ஒம்பதேகாலுக்கு எனக்கு டீயும் பிஸ்கட்டும் உண்டு. ஷிஜா சொல்லியிருக்கா."

அவள் விடவில்லை. நாலு இட்லியை ஒரு டப்பாவில் அடைத்துக் கையில் கொடுத்தாள். செருப்பு மாட்டக் குனிந்தவர் டப்பாவைச் செருப்பு அலமாரி மேல் வைத்தார். கீழே பஸ் ஹாரன் அடித்தது. ஓடினார்.

டப்பா அங்கேயே இருந்தது.

*

மையம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கரமனை ஆற்றுக்கு அந்தப் பக்கம் பத்து வருடம் பூட்டிக் கிடந்த ஒரு அரசு குடோன். எட்டு மாதமாக அதைப் பெருக்கி, கம்பி மாற்றி, பெயிண்ட் அடித்து, வாசலில் பலகை வைத்திருந்தார்கள்: மண்டல அவசர மருத்துவக் குழுப் பயிற்சி மையம்.

வெள்ளமோ மண்சரிவோ வந்தால் கூடாரம், ஆபரேஷன் மேஜை, ஜெனரேட்டர், குடிதண்ணீர் என்று எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய் நடுக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரியை நிறுத்த ஆட்கள் வேண்டும். அந்த ஆட்களைத் தயார் செய்யும் இடம். தென்கேரளத்துக்கும் குமரி, நெல்லைப் பக்கத்துக்கும் சேர்த்து ஒன்று.

இன்னும் அனுமதி வரவில்லை. இன்றைக்குத்தான் சோதனை. தில்லியிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள். சந்தைக் கட்டிடம் இடிந்து விழுந்ததாக ஒரு கற்பனை. அறுபது நடிப்பு நோயாளிகள். தொண்ணூறு நிமிடத்துக்குள் கூடாரம் நின்று, அறுபது பேரும் தரம் பிரிக்கப்பட்டு, வைத்தியம் தொடங்கியிருக்க வேண்டும். தேறினால் மையம் நிலைக்கும். நடுவில் நின்றால் சோதனை செல்லாது. அடுத்த சோதனை அடுத்த வருடம். அதுவரை காத்திருக்க மாட்டார்கள். வேறொரு ஊர் ஏற்கனவே வரிசையில் நிற்கிறது.

ஷிஜா பத்து வருட நர்ஸ் வேலையை ராஜினாமா செய்துவிட்டு இங்கே ஒப்பந்தத்தில் சேர்ந்தவள். அவளைப் போல இன்னும் இருபத்திரண்டு பேர்.

அறுபது ஆட்களுக்கு எங்கே போவது? கல்லூரிப் பிள்ளைகளைக் கூப்பிட்டால் பாதிப் பேர் வரமாட்டார்கள். அப்பாதான் சொன்னார்: "சாலையில ஆளா இல்ல? இசக்கிப்பாண்டிட்ட சொன்னா போதும்." இசக்கிப்பாண்டி சுமை தூக்குகிறவர்களின் மூப்பன். வள்ளியூர்க்காரர். தன்னையும் சேர்த்து ஐம்பத்தொன்பது பேரைக் கொண்டுவந்தார். ஒரு ஆள் குறைந்தது. அறுபதாவது ஆளாக அப்பாவே நின்றார்.

பட்டியலில் அவர் எண் நாற்பத்தொன்று. முழங்கையில் சிராய்ப்பு. நடக்கலாம். பச்சை.

பச்சை என்றால் காத்திருக்கக்கூடியவர். மஞ்சள் என்றால் சீக்கிரம் பார்க்க வேண்டியவர். சிவப்பு உடனே. கறுப்பு என்றால் செத்தவர், பார்க்க வேண்டியதில்லை. எட்டு மாதமாக ஷிஜா சொல்லிக் கொடுத்தது இந்த நாலு நிறத்தைத்தான்.

"சாப்பிட்டியளா அப்பா?"

"ஆச்சு மக்களே."

"ஊசி?"

"அதும் ஆச்சு. நீ ஒஞ் சோலியப் பாரு. பேடிக்காண்டாம், ஒண்ணும் ஆவாது."

ஷிஜா பச்சைக் கூடாரத்து நர்ஸ் பிந்துவிடம் போனாள். "நாப்பத்தொண்ணு எங்க அப்பா. வந்த உடனே டீயும் பிஸ்கட்டும் குடுத்துரு. சுகர் உண்டு."

"சரி சேச்சி. ரெண்டு பாக்கெட்டே குடுக்கலாம்."

பிறகு எல்லோருடைய போனையும் வாங்கி ஒரு இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். நடிப்பவன் நடுவில் போன் பேசினால் சோதனை கெட்டுவிடும். ஷிஜாவின் போனும் பெட்டிக்குள் போனது.

ஒன்பது மணிக்கு எல்லோரும் முற்றத்தில் அவரவர் இடத்தில் படுத்துவிட்டார்கள். சிவப்புச் சாயம் பூசியாயிற்று. அப்போது டாக்டர் பத்மப்ரியா வந்தாள். மையத்தின் இயக்குநர். கரமனை அக்ரஹாரத்துக்காரி. அறுவைக் கத்தி பிடித்த கை, குரல் உயராது.

"ஷிஜா, அவா ஃப்ளைட் லேட்டாம். பத்தரைக்கு மேல ஆயிடும்."

"ஆளுகள எழுப்பி உக்கார வைக்கட்டா மேடம்?"

"வேண்டாம்டி. மேக்கப் கலைஞ்சுடும். மறுபடி படுக்க வெச்சா இன்னொரு மணி நேரம். இருக்கட்டும்."

இருந்தார்கள்.

*

சாலையில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருவனால் ஒரு மூட்டை முடியவில்லை என்றால் பக்கத்தில் நிற்பவன் முதுகைக் கொடுப்பான். இதை யாரிடமும் சொல்வதில்லை. கடைக்காரருக்கு மூட்டை எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். எந்த முதுகு என்று அவர் கேட்பதில்லை.

ஐம்பத்தேழாம் அட்டை கறுப்பு. அது கிடைத்தவனின் மனைவிக்கு ஏழாம் மாதம். அவன் இசக்கிப்பாண்டியிடம் போய் முனகினான்.

"செத்தவன்னு எழுதிக் கழுத்துல கட்டிக்கிட்டு நான் படுக்க மாட்டேன், மூப்பரே. ஊர்ல தெரிஞ்சா எங்க ஆத்தா செருப்பெடுத்து அடிப்பா."

"சும்மா அட்டைதாம்ல."

"அப்ப நீரு வச்சிக்கிரும்."

இசக்கிப்பாண்டி அதை வாங்கி இன்னொருவனிடம் தள்ளினார். தன் சிவப்பு அட்டையோடு முற்றத்தின் மறு கோடியில், தொடை எலும்பு முறிந்தவராகப் போய்ப் படுத்துவிட்டார். அந்த இன்னொருவனும் வைத்துக்கொள்ளவில்லை. அட்டை மூன்று கை மாறியது. நாலாவது கை பகவதிப்பெருமாளுடையது.

"எனக்கென்னலே. இங்க கொண்டா."

தன் நாற்பத்தொன்றைக் கொடுத்தார். ஐம்பத்தேழை வாங்கினார். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படுத்தார். ஒன்பது மணிக்குச் சற்று முன்பு நடந்தது. மொத்தம் அறுபது. கணக்கு சரி. ஷிஜாவிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

*

பத்து நாற்பதுக்கு சைரன் ஒலித்தது. குடோன் சுவரில் மாட்டியிருந்த பெரிய கடிகாரத்தில் தொண்ணூறு நிமிடம் இறங்கத் தொடங்கியது.

நன்றாகவே போயிற்று. பதினெட்டு நிமிடத்தில் முதல் கூடாரம் நின்றது. தரம் பிரிக்கும் குழு ஒவ்வொருவராகக் குனிந்து, பையிலிருக்கும் அட்டையைப் படித்து, கழுத்தில் நிற அட்டை மாட்டியது. சாலை ஆட்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாகக் கத்தினார்கள். தில்லிக்காரர்களில் மூத்தவர், நரைத்த மீசைக்காரர், இரண்டு இடத்தில் நின்று தலையசைத்தார்.

ஐம்பத்தேழாம் ஆளிடம் குனிந்த பையன் அட்டையைப் படித்தான். 'மூச்சு இல்லை.' ஆள் வியர்த்திருந்தார். எல்லோரும்தான் வியர்த்திருந்தார்கள். கறுப்பு மாட்டினான். குடோனின் பின்பக்கம் தார்ப்பாயின் கீழே நாலு பேரை வரிசையாகக் கிடத்தி, மேலே வெள்ளைத் துணி போர்த்தினார்கள். அங்கே காவலுக்கு நின்ற ஒரே ஆளைச் சிவப்புக் கூடாரத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அதுவும் பாடத்தில் இருப்பதுதான். கை குறைந்தால் செத்தவரை விட்டுவிட்டு உயிருள்ளவரிடம் போக வேண்டும்.

அதே நேரம் ஆரியசாலையில் கோமதியம்மாள் மாடி வாசலைப் பெருக்க வந்தாள். டப்பாவைப் பார்த்தாள். அவருக்குப் போன் செய்தாள். அணைந்திருந்தது. மகளுக்குச் செய்தாள். அதுவும்.

"லேய் பிரஜின்."

அவன் கட்டிலில் கிடந்தான்.

"அப்பா சாப்பிடாமப் போயிட்டாரு. ஊசி போட்டுக்கிட்டு. மணி பதினொண்ணேகால் ஆச்சு."

"அங்க நான் போக மாட்டேன்."

"நீ ஒங்க அக்காவப் பாக்க வேண்டாம். டப்பாவக் குடுத்துட்டு வந்துரு."

அவன் கூரையைப் பார்த்தான். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று கணக்குப் போட்டான். எழுந்து பைக் சாவியை எடுத்தான். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டினான்.

*

சோதனைக்கு எழுதிய திட்டத்தில் இன்னொன்றும் இருந்தது. சைரன் ஒலித்து ஐம்பது நிமிடம் கழித்து 'கோபக்கார உறவினர்' இருவர் வாசலில் வந்து கத்த வேண்டும். அவர்களைச் சமாதானப்படுத்துவதற்கும் மதிப்பெண் உண்டு. அந்த மேஜையில் சுஜித் இருந்தான். நெய்யாற்றின்கரைப் பையன், சாந்தமான முகம். முதல் உறவினர் வந்து கத்திவிட்டுப் போயிருந்தார். இரண்டாவது ஆள் இன்னும் வரவில்லை.

பிரஜின் வந்தான்.

"எங்கப்பா உள்ள இருக்காரு! உடனே பாக்கணும்!"

காவலாளி சிரித்தபடி கேட்டைத் திறந்து மேஜையைக் காட்டினார்.

"சேட்டா, இங்க இரிங்க," என்றான் சுஜித். "முதல்ல ஒரு கிளாஸ் வெள்ளம் குடிங்க. உங்க ஆளை டாக்டர் நோக்குது."

"டாக்டர் ஒண்ணும் நோக்க வேண்டாம். அவருக்குச் சோறு வேணும். சுகர் எறங்கிரும்!"

"மனசிலாச்சு சேட்டா. உங்க சங்கடம் எனக்கு மனசிலாவுது. பேரு பறயுங்க, ஃபாரம் எழுதலாம்."

"ஃபாரமா? டேய், நான் ஆம்புலன்ஸ் டிரைவர்டா! இது நிஜம்!"

சுஜித் குரலைத் தாழ்த்தினான். "கொள்ளாம். சூப்பரா பண்ணுறீங்க. கொஞ்சம் அந்த மீசக்காரர் பக்கம் திரும்பிக் கத்துங்க."

மீசைக்காரர் நாலடி தள்ளி நின்றார். காகிதத்தில் ஏதோ குறித்தார். நல்ல மதிப்பெண்ணாக இருக்க வேண்டும்.

பிரஜின் டப்பாவை மேஜையில் அடித்தான். மூடி தெறித்தது. இட்லி உருண்டு மண்ணில் விழுந்தது.

சத்தம் கேட்டு ஷிஜா திரும்பினாள். முதலில் தம்பியைப் பார்க்கவில்லை. காலடியில் உருண்டு வந்து நின்ற எவர்சில்வர் மூடியைத்தான் பார்த்தாள். அதில் புள்ளிபுள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. கோமதி. அம்மாவின் கல்யாணச் சீர்ப் பாத்திரம்.

நிமிர்ந்தாள்.

"அக்கா," என்றான் பிரஜின். "அப்பா சாப்பிடல. ஊசி மட்டும் போட்டிருக்காரு."

சுவர்க் கடிகாரத்தில் இருபத்தாறு நிமிடம் பாக்கி. கைக்கடிகாரத்தில் 11.44.

ஷிஜாவின் கழுத்தில் விசில் தொங்கியது. ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட யாரும் ஊதலாம். மூன்று நீளமான ஊதல். கேட்டதும் எல்லாம் நிற்க வேண்டும். படுத்திருப்பவர்கள் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். எழாதவர் நிஜ நோயாளி. 'நிஜ நோயாளி இருக்கலாம் என்று ஒருவர் சொன்னாலே போதும். தேடக் கூடாது. ஊத வேண்டும்.' கையேட்டின் மூன்றாம் பக்கம். எழுதியது ஷிஜாதான்.

கை விசிலுக்குப் போனது.

"என்னடி ஆச்சு?" பத்மப்ரியா பக்கத்தில் வந்துவிட்டாள். ஷிஜா சொன்னாள். இரண்டு வாக்கியம்.

"பச்சைலதானே இருக்கார்? பிந்து பார்த்துப்பாளே. போய்ப் பார்த்துட்டு வா. இருபத்தஞ்சு நிமிஷம்தான் இருக்கு ஷிஜா. இருபத்திரண்டு பேரோட வேலை."

கை இறங்கியது.

"ஊது," என்றான் பிரஜின்.

"பச்சைலதான் இருக்காரு. டீ குடிச்சிருப்பாரு. வா."

பச்சைக் கூடாரத்தில் பதினெட்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள்.

"நாப்பத்தொண்ணு?"

பிந்து காட்டினாள். ஒல்லியாக, இருபத்தைந்து வயதில் ஒருவன். வாயில் பிஸ்கட். கையில் இன்னொரு பாக்கெட்.

"இது எங்க அப்பா இல்ல!"

"அய்யோ சேச்சி, சுகர் உண்டான்னு கேட்டேன். உண்டுன்னு தலையாட்டினானே!"

"ரெண்டு பாக்கெட் தாராவன்னு ஆட்டினேன்," என்றான் அவன். முகம் வெளுத்திருந்தது. "அட்ட கைமாறிச்சு அக்கா. அண்ணாச்சிட்ட வாங்கினவன் எனக்குத் தந்தான்."

"அவர் எந்த அட்டைய எடுத்தாரு?"

"எங்கிட்ட இருந்தது மஞ்சள். அத அவனுக்குக் குடுத்தேன். அண்ணாச்சி கைல வேற ஏதோ... நான் பாக்கல்ல."

ஷிஜா மஞ்சள் கூடாரத்துக்கு ஓடினாள். சோதனை நடக்கும்போது ஓடக் கூடாது என்ற விதி நினைவு வந்து வேகமாக நடந்தாள். பதினாறு முகம். இல்லை. 11.47.

சிவப்பு. இசக்கிப்பாண்டி தொடையில் கட்டுப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தார். அவர் அட்டையில் 'நினைவில்லை' என்று இருந்தது. அதை அவர் மனப்பூர்வமாகச் செய்துகொண்டிருந்தார். ஷிஜா தோளை உலுக்கினாள். எழவில்லை. பிரஜின் காது மடலைத் திருகினான்.

"எம்மா! என்னல?"

"எங்கப்பா எங்க?"

"அண்ணாச்சியா? பச்சைலல்லா?"

"இல்ல. அட்டய மாத்திட்டாரு."

இசக்கிப்பாண்டி எழுந்து உட்கார்ந்தார். சிவப்புச் சாயத்துக்குள் முகம் மாறியது. "கறுப்பு ஒண்ணு சுத்திக்கிட்டு இருந்திச்சி. அது யாரு கைக்குப் போச்சின்னு தெரியல்லியே."

பத்மப்ரியா சிவப்புக் கூடாரத்தின் வாசலில் நின்றாள். தலையை மட்டும் இடமும் வலமும் அசைத்தாள். வேண்டாம். மீசைக்காரர் அவள் பின்னால் இருந்தார்.

கறுப்பு பின்பக்கம். சுற்றிப் போக ஒரு நிமிடமாகும். அங்கேயும் இல்லையென்றால்?

ஷிஜா விசிலை வாயில் வைத்தாள்.

மூன்று முறை. நீளமாக.

சத்தம் அடங்கியது. ஜெனரேட்டர் மட்டும் ஓடியது. கூடாரங்களிலிருந்து, முற்றத்திலிருந்து, ஸ்ட்ரெச்சர்களிலிருந்து சாலை ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கால் முறிந்தவர்கள், தலை உடைந்தவர்கள், கண்ணில் குச்சி ஏறியவர்கள். எல்லோரும் நின்றார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஷிஜாவும் பிரஜினும் ஓடினார்கள். இப்போது ஓடலாம்.

பின்பக்கம், தார்ப்பாயின் கீழே, வெள்ளைத் துணிகளை விலக்கிக்கொண்டு செத்தவர்கள் மூவர் எழுந்து நின்றிருந்தார்கள்.

நாலாவது துணி அசையவில்லை.

*

துணிக்குக் கீழே அவர் தொப்பலாக நனைந்திருந்தார். தோல் சில்லென்று இருந்தது. குறட்டை மாதிரி மூச்சு. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை.

"டெக்ஸ்ட்ரோஸ்! குளுக்கோஸ் ஏத்தணும்!" என்றாள் ஷிஜா.

சிவப்புக் கூடாரத்துப் பையன் ஒரு பாட்டிலை நீட்டினான். அதன்மேல் ஸ்டிக்கர். 'பயிற்சிக்கு மட்டும்.' காலாவதியானது. அங்கே இருந்த எல்லாமே அப்படித்தான். நாலு கூடாரம், ஆபரேஷன் மேஜை, முப்பது பெட்டி மருந்து. ஒன்றில்கூட உயிர் இல்லை.

நிஜ மருந்து இருந்தது ஒரே இடத்தில்: கேட் பக்கம் நின்ற ஆம்புலன்ஸில். அதன் டிரைவர் சாவியோடு எங்கேயோ வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

பிரஜின் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தான். அவன் ஓட்டிய கம்பெனி வண்டிதான். பின் கதவை எந்த இடத்தில் தட்டினால் தாழ் விடும் என்று அவனுக்குத் தெரியும். விசாரணை முடியும்வரை அந்த வண்டிகளைத் தொடக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்தான். தட்டினான். பெட்டியோடு வந்தான்.

சர்க்கரை மீட்டரில் 28.

ஷிஜா நரம்பைத் தேடினாள். இரண்டாவது குத்தலில் கிடைத்தது. பிரஜின் ஆம்பூலை உடைத்து உடைத்துக் கொடுத்தான். மூன்றாவது ஆம்பூலில் பகவதிப்பெருமாளின் விரல் அசைந்தது. நாலாவதில் கண் திறந்தது.

சுற்றிலும் ரத்தச் சாயம் பூசிய முகங்கள். அவர் எல்லாவற்றையும் மெதுவாகப் பார்த்தார்.

"முடிஞ்சுதா?" என்றார். "ஜெயிச்சுட்டமா?"

கறுப்பு அட்டையை முதலில் மறுத்த ஏழாம் மாதக்காரன் தன் கழுத்து அட்டையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் திணித்தான்.

*

மீசைக்காரர் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து ஷிஜாவின் கையில் கொடுத்தார். திட்டவில்லை. பாராட்டவும் இல்லை.

"நீங்களே எழுதுங்கள்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். "முடிவை நாங்கள் பிறகு சொல்வோம்."

மூன்று கட்டம். நிஜ நோயாளி இருப்பது தெரிந்த நேரம். விசில் ஊதிய நேரம். இடைவெளி இருந்தால் காரணம்.

பத்மப்ரியா பக்கத்தில் வந்து நின்றாள்.

"ரெண்டு எடத்துலயும் பதினொண்ணு அம்பதுன்னு போடு," என்றாள் மெல்ல. "தெரிஞ்ச உடனே ஊதினோம்னு ஆயிடும். விதியை மதிச்சோம்னு அதையே நல்லதா எடுத்துப்பா. சுஜித் உன் தம்பியை நடிகன்னு நினைச்சான். ஒருத்தருக்கும் நேரம் தெரியாது."

"எனக்குத் தெரியும் மேடம்."

"நான்தானே வேண்டாம்னேன். நான் ஏத்துக்கறேன். நீ அம்பதுன்னு போடு."

ஷிஜா ஆம்புலன்ஸைப் பார்த்தாள். அப்பாவை ஏற்றிவிட்டார்கள். பிரஜின் பின் கதவைப் பிடித்தபடி நின்றான். அவள் கையில் இருப்பது என்ன தாள் என்று அவனுக்குத் தெரியும். அப்படி ஒரு தாளால்தான் அவன் மூன்று வாரமாகக் கட்டிலில் கிடக்கிறான்.

அவள் எழுதினாள்.

11.44.

11.50.

காரணம்: அனுமதி போய்விடும் என்று பயந்தேன்.

கீழே கையெழுத்துப் போட்டு மீசைக்காரரிடம் கொடுத்தாள். அவர் படித்தார். மடித்துக் கோப்புக்குள் வைத்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. பத்மப்ரியா திரும்பிக் குடோனுக்குள் போய்விட்டாள்.

ஷிஜா ஆம்புலன்ஸுக்கு நடந்தாள்.

"ஆறு நிமிஷம்," என்றான் பிரஜின்.

"அப்படித்தான் எழுதியிருக்கேன்."

"காரணமும் எழுதினியா?"

"அதுக்கும் ஒரு கட்டம் இருந்துச்சு."

அவன் தலையாட்டினான். "எனக்குத் தந்த தாள்ல அந்தக் கட்டம் இல்ல. நேரம் மட்டும்தான் கேட்டாங்க. நான் பொய் எழுதினேன், நீ நெஜத்த எழுதின. இருபத்தொரு நிமிஷம். சரிதான். அது ஏன்னு அவங்களும் கேக்கல்ல. நீயும் கேக்கல்ல."

அது உண்மை. மூன்று வாரத்தில் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

"இப்ப கேக்கேன்."

"எங்கிட்ட வேண்டாம்." அவன் குரல் தாழ்ந்தது. "அப்பாட்ட கேளு. அந்தப் பொண்ண ஏத்தின அன்னைக்கு வண்டில எம் பக்கத்து சீட்டுல இருந்தது அவருதான். அந்த இருபத்தொரு நிமிஷம் எங்க போச்சுன்னு அவருக்குத் தெரியும்."

ஷிஜா உள்ளே பார்த்தாள்.

பகவதிப்பெருமாள் ஸ்ட்ரெச்சரில் விழித்துக் கிடந்தார். கேட்டிருந்தார். மகளை ஒரு நொடி நேராகப் பார்த்தார்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டார். இந்த முறை அது மயக்கமில்லை.